ஜாங்கோ டீபக் டூல்பார்: பல வருடப் பழக்கம், போன வாரக் கோபம்

முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போனில் கேட்டான்: "அண்ணா, புது வேலையில ஜாங்கோதான். பக்கம் மெதுவா வந்தா எந்த குவெரி இழுக்குதுன்னு பார்க்க நீங்க டீபக் டூல்பார்தானே போடுவீங்க? இப்பவும் நல்லா இருக்கா?" ஜாங்கோ என்பது பைத்தானில் இணையதளம் எழுத உதவும் கட்டமைப்பு, குவெரி என்பது அது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, டீபக் டூல்பார் ஒரு பக்கம் எத்தனை குவெரி போட்டது என்று அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே காட்டும் கருவி. வேறு நாளில் கேட்டிருந்தால் யோசிக்காமல் போடு என்றிருப்பேன். அதை நம்பி இரண்டு நாள் அலைந்து முடித்த மறுநாள் பார்த்துக் கேட்டுவிட்டான். அவனுக்குப் போனில் சொன்னதைவிடக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

2019ல் முதன்முதலாகப் போட்டேன். லாரி பார்சல் ஆபீஸ் ஒன்றுக்கான புக்கிங் மென்பொருள் அது. பட்டியலில் பக்கத்துக்கு 50 புக்கிங். ஒவ்வொரு வரியிலும் அனுப்புநர் பெயரும் சரக்கு போய்ச் சேரும் கிளையின் பெயரும் வரும். டூல்பாரில் ஓடிய குவெரிகளைப் பட்டியலிடும் எஸ்க்யூஎல் பேனலைத் திறந்தால் 104 குவெரி. செஷனுக்கு ஒன்று, யூசருக்கு ஒன்று, மொத்த எண்ணிக்கைக்கு ஒன்று, பட்டியலுக்கு ஒன்று. மீதி நூறும், பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லை உருவாக்கும் டெம்ப்ளேட்டில் லூப் சுற்றும்போது வரிக்கு இரண்டாகப் போய் எடுத்து வந்தவை. நான் எழுதிய கோடில் குவெரி இருந்தது ஒரே ஒரு வரியில்தான். புள்ளி வைத்து அடுத்த டேபிளின் பெயரைத் தொட்டாலே ஜாங்கோ டேட்டாபேஸுக்கு ஓடுகிறது என்பதைப் படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

அந்தப் பேனலில் எனக்கு மிகவும் பிடித்தது 'சிமிலர்', 'டூப்ளிகேட்டட்' என்று குவெரிக்குப் பக்கத்தில் போடும் குறிப்பு. அனுப்புநர் வரிக்கு வரி மாறுவார், அதனால் அந்த ஐம்பதும் ஒரே சாயல், அதாவது சிமிலர். கிளைகள் மொத்தமே எட்டு. ஆகவே சேலம் கிளையின் பெயரை அதே பக்கத்தில் பதினோரு தடவை கேட்டிருக்கிறது. அது டூப்ளிகேட்டட். குவெரியை விரித்தால் எந்த டெம்ப்ளேட்டின் எந்த வரியிலிருந்து கிளம்பியது என்பதும் தெரியும். வியூவில், அதாவது பக்கத்துக்கான டேட்டாவை எடுக்கும் கோடில், தொடர்புள்ள டேபிள்களையும் ஒரே குவெரியில் சேர்த்து எடுக்கும் செலக்ட் ரிலேட்டட் சேர்த்தேன். 104 நாலாகிவிட்டது. அந்த 4 என்ற எண்ணைப் பார்த்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

இன்னொரு உபகாரமும் உண்டு. ஜாங்கோ கோடில் எழுதும் குவெரிசெட்டின் குவெரியை அப்படியே பிரிண்ட் செய்து, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல்லில் ஒட்டினால் பல நேரம் எரர்தான். தேதிக்கும் பெயருக்கும் மேற்கோள்குறி இருக்காது, ஏனென்றால் மதிப்புகளைச் சரியாகப் பொருத்துவது ஓடும் நேரத்தில் டேட்டாபேஸ் டிரைவர் செய்யும் வேலை. டூல்பார் காட்டுவது உண்மையில் ஓடிய குவெரி, எடுத்து ஒட்டலாம். பக்கத்திலேயே, அந்தக் குவெரியை டேட்டாபேஸ் எந்தத் திட்டப்படி ஓட்டுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் பட்டனும் இருக்கிறது. ஆனால் லேப்டாப்பில் இருநூறு வரி டேட்டாவை வைத்துக்கொண்டு அந்தத் திட்டத்தைப் படிக்காதே. அத்தனை சின்ன டேபிளுக்கு, தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸ் இருந்தாலும் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் முழு டேபிளையும் படித்துவிட்டுத்தான் போகும். மில்லிசெகண்ட் கணக்கும் அப்படித்தான். லேப்டாப்பில் நம்பத் தகுந்தது எண்ணிக்கை ஒன்றுதான்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். எரிச்சல் ஒன்றுதான், வேறு வேறு இடத்தில் வந்துகொண்டே இருக்கிறது. டூல்பார் தெரியாதபோது, ஏன் தெரியவில்லை என்று சொல்லாது. மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கருக்கு மாறிய அன்று டூல்பார் காணாமல் போனது. எரர் இல்லை, லாகில் ஒரு வரி இல்லை. டூல்பாரை எந்த முகவரிகளுக்குக் காட்டலாம் என்று சொல்லும் இன்டர்னல் ஐபீஸ் செட்டிங்கில் 127.0.0.1, அதாவது சொந்த மெஷினின் முகவரி, இருந்தது. கன்டெய்னருக்குள் ஜாங்கோ பார்ப்பதோ 172 என்று தொடங்கும் டாக்கர் கேட்வே முகவரியை. காரணம் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாமல் அன்று அரைநாள் போயிற்று, அதன் பிறகு புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் அதே அரைநாள் போனது.

போன வாரம் நடந்தது இதன் பெரிய அண்ணன். சாயங்காலம் நாள் கணக்கு முடிக்கும் பக்கத்தைப் புதிதாக எழுதியிருந்தோம். சர்வர் வெறும் டேட்டாவை ஜேசான் வடிவில் கொடுக்கும், அதை வைத்துப் பக்கத்தைப் பிரவுசர் வரையும். டூல்பார் தன்னை ஹெச்டிஎம்எல்லில் பாடி டேக் முடியும் இடத்தில் செருகிக்கொள்ளும் சாமான். ஜேசானில் செருக இடமே இல்லை. 2020ல் வந்த ஹிஸ்டரி பேனலில் அந்த ரிக்வெஸ்டைப் போய்ப் பார்க்கலாம், உண்மைதான். ஆனால் வேறொரு பக்கத்தைத் திறந்து வைத்துத் தேடிப் போக வேண்டும். கண்ணில் தானாக விழுந்த எண்ணைத் தேடிப் போய்ப் பார்க்கும் பழக்கம் எங்கள் யாருக்கும் வரவில்லை.

புக்கிங் கிளார்க் ஒருவர் கூப்பிட்டு, "சார், க்ளோசிங் பக்கம் சுத்திக்கிட்டே இருக்கு, ஆளுங்க கணக்கு முடிக்க நிக்கிறாங்க" என்றார். பழைய பக்கத்தைத் திறந்தேன், டூல்பார் 4 என்றது. கோடு சரி, கோளாறு சர்வரில் என்று முடிவு கட்டி இண்டெக்ஸ்களைக் குடைந்தேன். ஓடிய குவெரிகளின் நேரத்தையும் எண்ணிக்கையையும் போஸ்ட்கிரெஸில் சேர்த்து வைக்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸை சராசரி நேரப்படி அடுக்கிப் பார்த்தபோது எங்கள் குவெரி எதுவும் மேலே வரவில்லை. மறுநாள் கால்ஸ், அதாவது எத்தனை தடவை ஓடியது என்ற எண்ணிக்கைப்படி அடுக்கினேன். பேமென்ட் டேபிளில் ஒரு மில்லிசெகண்டுகூட எடுக்காத சின்ன குவெரி முதலிடத்தில் நின்றது. ஒரு நாளுக்கு 600 புக்கிங், பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 600 தடவை அது. டேட்டாபேஸ் வேறு மெஷினில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் போய் வரும் நேரம் தனி.

காரணம், டேட்டாவை ஜேசானாக மாற்றும் சீரியலைசரில், புக்கிங்கின் பேமென்ட்களை ஃபில்டர் போட்டு 'கட்டியாச்சு' என்பதை மட்டும் எடுக்கும் வரி ஒன்று. எல்லா புக்கிங்கின் பேமென்ட்களையும் முன்கூட்டியே ஒரே குவெரியில் எடுத்து வைக்கும் ப்ரீஃபெட்ச் ரிலேட்டட் வியூவில் ஒழுங்காக இருந்தது. ஆனால் ப்ரீஃபெட்ச் செய்ததன் மேல் ஃபில்டர் போட்டால் எடுத்து வைத்ததை ஜாங்கோ தொடாது, புதுக் குவெரி போடும். ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஃபில்டரை ப்ரீஃபெட்ச் ஆப்ஜெக்டுக்குள் கொண்டுபோனேன். 604 நாலானது.

அதனால் தம்பிக்கு இன்று என் பதில்: போடாதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது எனக்கே உறுத்துகிறது, இருந்தாலும் அதுதான் பதில். ஜேசான் மட்டும் கொடுக்கும் புராஜெக்டில் அது கண்ணில் படாது, கண்ணில் படாததை எல்லாம் சரியாக இருப்பதாக மனம் எடுத்துக்கொள்ளும். முதலில், எத்தனை குவெரி ஓடியது என்று சரிபார்க்கும் அசர்ட் நம் குவெரீஸ் (assertNumQueries) வைத்து டெஸ்ட் எழுது. எழுதும்போது ஒரே ஒரு புக்கிங்கை மட்டும் உருவாக்காதே. ஒரு வரி இருக்கும்போது ப்ரீஃபெட்ச் செய்தாலும் செய்யாவிட்டாலும் எண்ணிக்கை மாறாது, டெஸ்ட் பச்சை காட்டிவிடும். குறைந்தது மூன்று புக்கிங் இருக்கட்டும்.

என் லேப்டாப்பில் டூல்பாரை எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். நேற்று இரவு கிளை வாரியான இருப்புப் பக்கத்தைத் திறந்தபோது ஓரத்தில் 31 என்று காட்டியது. எட்டுக் கிளைக்கு எதற்கு 31? மத்தியானம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.