உறை பிரிக்காத பெட்டி என்று நம்பிப் பணம் அனுப்பாதீர்கள்

யாங்கோனில் போர் விமான மாதிரிகளைச் சேர்த்து ஒட்டும் நம்மவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தச் சிலராவது என்னைப்போல் ஏமாறக் கூடாது.

சென்ற மாதம் ஹரிகேன் என்னும் பிரிட்டிஷ் போர் விமானத்தின் மார்க் 2சி வகை மாதிரிப் பெட்டி ஒன்று, நிஜ விமானத்தில் 72-இல் ஒரு பங்கான 1/72 அளவில், விற்பனைக்கு வந்தது. "அண்ணே, உறைகூடப் பிரிக்கவில்லை, அசல் பிளாஸ்டிக்" என்றார் விற்றவர். 1,20,000 கியாட்டைக் கைப்பேசி வழியாக முன்பே அனுப்பினேன். அனோரத்தா சாலைக் காளி கோயில் அருகே பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது (இன்றைய யாங்கோன்) ஜப்பானியர் போட்ட குண்டுகளைப் பற்றி என் பாட்டி சொல்லிச் சொல்லி வளர்ந்தவன் நான். அடுத்த மாதமே நகரைக் காக்க மிங்கலாடோன் விமானத் தளத்துக்கு ஹரிகேன்கள் வந்து சேர்ந்தன. அந்த விமானத்தை அக்கா மகனோடு உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதனால்தான் விலையைக்கூடப் பேரம் பேசவில்லை.

உறையைக் கிழித்ததும் இறக்கையைத்தான் முதலில் எடுத்தேன். 2சி என்றால் நான்கு 20 மி.மீ. பீரங்கிக் குழல்கள் இறக்கையின் முன்விளிம்பில் நீண்டு நிற்க வேண்டும். இதில் குழலும் இல்லை, அதைப் பொருத்த இடமும் இல்லை. எட்டு இயந்திரத் துப்பாக்கிகளுக்கான சிறு துளைகள் மட்டும் இருந்தன. அது மார்க் 1-இன் இறக்கை. பர்மா வானில் பறந்த ஹரிகேன்களின் மூக்குக்கு அடியில் தொங்கும் தூசி வடிகட்டியையும் காணவில்லை.

அடுத்து அளந்தேன். ஹரிகேனின் இறக்கை நுனிக்கு நுனி 40 அடி. 72-ஆல் வகுத்தால் 169 மி.மீ. வர வேண்டும், வந்தது 164. ஐந்து மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நிஜ விமானத்தில் அது 36 சென்டிமீட்டர். யாரோ ஒரு மாதிரியின்மீது ரப்பர் அச்செடுத்து ரெசினில், அதாவது திரவமாக ஊற்றினால் இறுகும் பிசினில், வார்த்திருக்கிறார்கள். ரெசின் இறுகும்போது சுருங்கும். இறக்கையின் பின்விளிம்பில் ஊசிமுனை அளவுக் காற்றுக்குமிழிகள் வரிசையாக இருந்தன. பிளாஸ்டிக் பசை தடவிப் பார்த்தேன். சற்று நேரம் பிடித்துவிட்டு இரு பாதிகளும் வழுக்கிக்கொண்டு விலகின. அந்தப் பசை அசல் பெட்டிகளின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துத்தான் இணைக்கும், ரெசினை ஒன்றும் செய்யாது.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ரெசினை உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் நுண்தூள் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் என்று நம்பி அந்தப் பதினோரு வயதுப் பையன் கையில் கொடுத்திருப்பேன்.

நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்களும் தவறு. ஜப்பானியரின் சிவப்பு வட்டத்தோடு குழப்பம் வரக் கூடாது என்று இந்தப் போர்முனையில் பிரிட்டிஷ் விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பை 1943-இல் எடுத்துவிட்டார்கள். கருநீலமும் வெளிர்நீலமும்தான் இருக்கும். பெட்டியின் ஓவியத்தில் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே கிடைத்த தாளில் நடுவில் பளிச்சென்று சிவப்பு!

"பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டேன்" என்று ஒரே பதில். பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். உறை பிரிக்காததுபோல் காட்டுவதும் எளிது: பெட்டியைச் சுற்றும் கண்ணாடித்தாள் உறை கடையில் கிடைக்கிறது. சூடான காற்றைக் காட்டினால் யாரும் வீட்டிலேயே ஒட்டிவிடலாம்.

நேற்று அதே பூப்போட்ட மேசை விரிப்பின்மேல் ஸ்பிட்ஃபயர் என்னும் இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானத்தின் 1/72 பெட்டியைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். வாங்க நினைப்பவர்கள் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இறக்கையை அளவுகோலின் பக்கத்தில் வைத்துப் படம் கேளுங்கள்; இறக்கை நுனி வெட்டப்படாத சாதாரண மார்க் 5 வகை என்றால் நுனிக்கு நுனி 156 மி.மீ. இருக்க வேண்டும். அதைக் காட்டும்வரை ஒரு கியாட்டும் அனுப்ப வேண்டாம்.