ஹேவ்லாக்கில் ஸ்கூபா: சில சீசன்கள் போய்வந்த பிறகு

அந்தமானுக்குப் போகிறேன் என்று யார் சொன்னாலும் அடுத்த கேள்வி ஸ்கூபா பற்றித்தான், அதாவது முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியில் நீந்துவது பற்றித்தான் வருகிறது. எந்த மையம் நல்லது, எவ்வளவு ஆகும், நீச்சல் தெரியாதே பரவாயில்லையா, பயமாக இருக்குமா. சில வருடங்களாக டைவிங்குக்காகவே ஹேவ்லாக் தீவுக்குப் போய்வருகிறேன். படிப்பும் அங்கேதான், வாடகைக்குக் கருவி எடுத்ததும் பெரும்பாலும் அங்கேதான். 2018 டிசம்பரில் தீவின் பெயர் ஸ்வராஜ் த்வீப் என்று மாறியது. டிக்கெட்டில் புதுப் பெயர், பேச்சில் இன்னும் ஹேவ்லாக்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு (2024-இல் இதன் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது) விமானத்தில் இரண்டேகால் மணி நேரம் போல. கப்பலும் உண்டு, மூன்று நாள் ஆகும்; நேரம் இருப்பவர்களுக்கு அது தனி அனுபவம். போர்ட் பிளேரிலிருந்து தனியார் படகில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக். வாந்தி வருபவர்கள் படகு ஏறுவதற்கு முன்பே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், ஏறியபின் போட்டால் பயனில்லை. போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழை வைத்தே சமாளிக்கலாம். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள், அதனால் அங்கே கொஞ்சம் இந்தி கைகொடுக்கும். நான் படித்த மையத்தில் தமிழ் பேசும் பயிற்றுநர் ஒருவர் இருந்தார். முன்பதிவு செய்யும்போதே கேட்டுப் பாருங்கள். பயத்தை அவரவர் மொழியில் சொல்ல முடிவது பெரிய விஷயம்.

முதலில் ட்ரை டைவ். சான்றிதழ் இல்லாமல், நீச்சல்கூடத் தெரியாமல், பயிற்றுநர் பின்னாலிருந்து சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவது. அதிகபட்ச ஆழம் 12 மீட்டர். உங்கள் மிதப்பை அவர்தான் பார்த்துக்கொள்வார். நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டு மீனைப் பார்த்தால் போதும். பெரும்பாலும் கரையிலிருந்தே நடந்து இறங்கும் நீமோ ரீஃப் பக்கம்தான் இது நடக்கும். கிளௌன் மீன், கிளிமீன் எல்லாம் பார்த்துவிடலாம், வீடியோவும் எடுத்துத் தருவார்கள். ஒருமுறை பார்த்துவிட்டுப் போக வந்தவர்களுக்கு இது போதும். ஆனால் ட்ரை டைவ் பிடித்துப்போய் அதையே இரண்டாவது, மூன்றாவது தடவை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண் செலவு. இரண்டாவது தடவை ஆசை வந்தால் நேரே ஓப்பன் வாட்டர் என்ற அடிப்படைச் சான்றிதழ் கோர்ஸில் சேர்ந்துவிடுங்கள்.

கோர்ஸ் மூன்று, நான்கு நாள். பாடி (PADI), எஸ்.எஸ்.ஐ. (SSI) என்று இரண்டு பெரிய அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. எது ஒசத்தி என்று கேட்டு மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டாம். இரண்டுமே உலகெங்கும் செல்லும், இரண்டிலும் கடலில் நான்கு டைவ், முடித்தால் 18 மீட்டர் வரை போகலாம். எனக்கு எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தை ஒட்டி ஆனது, இப்போது கூடியிருக்கும். 200 மீட்டர் நீந்த வேண்டும், நேரக் கணக்கு இல்லை. அப்புறம் பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: மாஸ்க்கைத் தண்ணீருக்கடியில் கழற்றி மறுபடி மாட்டி, உள்ளே இருக்கும் தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது. எழுந்து நிற்கக்கூடிய ஆழத்தில் இதைச் செய்யும்போதே பலர் பதறி எழுந்துவிடுகிறார்கள். மூக்கில் தண்ணீர் படும்போதும் வாயால் மட்டும் மூச்சு விடலாம் என்பதை மூளை நம்புவதற்கு நேரம் பிடிக்கும். நல்ல பயிற்றுநர் இங்கே அவசரப்படுத்த மாட்டார். என்னோடு படித்த ஒரு பெண் இதற்காக மட்டும் ஒரு பிற்பகல் முழுவதும் எடுத்துக்கொண்டார். பயிற்றுநர் அடுத்த பாடத்துக்கு நகரவே இல்லை. கடைசியில் எங்கள் எல்லோரையும்விட அவர்தான் கடலில் அமைதியாக இருந்தார். விதிப்படி கடலில் ஒரு பயிற்றுநர் எட்டு மாணவர்கள் வரை வைத்துக்கொள்ளலாம். என் கருத்தில் நான்கு பேருக்கு மேல் இருந்தால் அந்த பேட்ச்சில் சேராதீர்கள்.

பாடத்தில் வரும் அறிவியல் பள்ளிக்கூட அளவுதான், ஆனால் அதைப் புரிந்துகொண்டு இறங்குவது நல்லது. பத்து மீட்டருக்கு ஒரு மடங்கு அழுத்தம் கூடுகிறது. மேலே ஒன்று என்றால் 10 மீட்டரில் இரண்டு, 20 மீட்டரில் மூன்று. ஆகவே 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே எடுப்பதைப்போல மூன்று மடங்கு காற்று செலவாகும். 10 மீட்டரில் நுரையீரல் நிறைய இழுத்த காற்று, அடக்கிக்கொண்டே மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். மூச்சை எப்போதும் அடக்காதே என்று முதல் நாளிலிருந்து கத்துவது இதனால்தான். காதையும் வலி வருவதற்கு முன்பே, மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். வலி வந்தபின் பலமாக ஊதுவது காதுக்குக் கேடு. இன்னொன்று, சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் அல்ல, சாதாரணக் காற்றுதான். ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை.

வாடகைக் கருவிகள் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஹேவ்லாக்கில் கோர்ஸுக்கும் டைவுக்கும் கருவி வாடகை பெரும்பாலும் கட்டணத்திலேயே சேர்ந்திருக்கும், கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவருவது), பி.சி.டி. ஜாக்கெட் (காற்றை ஊதியும் விட்டும் மிதப்பைச் சரிசெய்வது), வெட்சூட் (உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை), மாஸ்க், ஃபின்ஸ் (காலில் மாட்டும் துடுப்பு), எடைக்கட்டிகள் எல்லாம் தருவார்கள். தண்ணீர் வருடம் முழுக்க 27 முதல் 30 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருப்பதால் 3 மில்லிமீட்டர் வெட்சூட்டே தாராளம். தொப்பை இருப்பவர்கள் வெட்கப்படாமல் ஒரு சைஸ் பெரியது கேளுங்கள். நெஞ்சை இறுக்கும் சூட்டோடு இறங்கினால் மூச்சுத் திணறுவது போலவே இருக்கும், பாதி பயம் அதிலேயே வந்துவிடும்.

கருவி கைக்கு வந்ததும் நான் பார்ப்பவை சில. ரெகுலேட்டரை வாயில் வைத்து நாலைந்து முறை நன்றாக இழுத்துக்கொண்டே அழுத்தமானியைப் பார்ப்பேன். முள் இறங்கி இறங்கி ஏறினால் சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. பி.சி.டி.யை நன்றாக ஊதி ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்சம் பொறுப்பேன். துவண்டுபோனால் கசிகிறது, வேறு கேட்பேன். வாய்க்கவ்வியில் பல் பதியும் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றச் சொல்வேன், இல்லாவிட்டால் டைவ் முடிவதற்குள் தாடை வலி எடுத்துவிடும். உதவி ரெகுலேட்டரையும் ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். மொத்தமே ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யும்போது முகம் சுளிக்கும் மையமா, கூட நின்று சொல்லித்தரும் மையமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

சொந்தமாக எதை வாங்கலாம்? மாஸ்க். முதலிலும் அதுதான், பலருக்குக் கடைசியிலும் அதுவாகவே இருக்கலாம். முகத்துக்குப் பொருந்தாத மாஸ்க்கில் டைவ் முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெதுவாக இழுங்கள். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் மாஸ்க். மீசைக்காரர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான். கண்ணாடி போடுபவர்கள் பவர் வைத்த லென்ஸ் பொருத்திக்கொள்ளலாம். பவர் மாஸ்க் போட்ட அன்றைக்குத்தான் இத்தனை நாள் மங்கலாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று எனக்குத் தெரிந்தது. புது மாஸ்க்கில் பனி பிடித்துக்கொண்டே இருந்தால் உள்பக்கம் பற்பசை தடவித் தேய்த்துக் கழுவுங்கள். அப்புறம் ஒவ்வொரு டைவுக்கு முன்பும் கொஞ்சம் எச்சில் போதும்.

அடுத்தது டைவ் கம்ப்யூட்டர். கைக்கடிகாரம் மாதிரி இருக்கும். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், உடம்பில் நைட்ரஜன் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்று சொல்லும். வேகமாக மேலே ஏறினால் கத்தும். பல மையங்களில் வழிகாட்டி கையில் மட்டும்தான் இது இருக்கும், கேட்டால் தனி வாடகை. அவர் ஆழமும் உங்கள் ஆழமும் ஒன்றல்லவே. ஆரம்பநிலை மாடல் ஒன்று வாங்கினேன், நான் செய்த செலவுகளில் இதைப் பற்றி மட்டும் ஒரு நாளும் வருந்தியதில்லை. ஃபின்ஸ் அவரவர் விருப்பம். ரெகுலேட்டரும் பி.சி.டி.யும் இன்றுவரை வாடகைதான். விமானத்தில் சுமை, வருடாவருடம் சர்வீஸ், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை. சில வாரம் டைவ் செய்பவனுக்கு அது கட்டுப்படியாகாது.

இப்போது ஒரு கசப்பு. டிசம்பர் கடைசி வாரக் கூட்டத்தில் வழக்கமான மையத்தில் இடம் கிடைக்காமல் வேறொன்றில் பதிவு செய்தேன். ஜானீஸ் கார்ஜ் என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். அது 30 மீட்டர் வரை போகும் ஆழமான இடம், நீரோட்டமும் இழுக்கும். படகில் பார்த்தால் முந்தின நாள்தான் ஓப்பன் வாட்டர் முடித்த இரண்டு பேர், பல வருடம் டைவ் செய்யாத ஒருவர், நாங்கள் மூவர், எல்லோருக்கும் ஒரே வழிகாட்டி. 18 மீட்டர் சான்றிதழ்காரர்களை அங்கே கூட்டிவந்ததே தப்பு. கீழே நீரோட்டம் பிடித்துக்கொண்டது, புதியவர்களுக்குக் காற்று மளமளவென்று தீர்ந்தது, பாதியிலேயே எல்லோரும் ஏற வேண்டியதாயிற்று. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையில் வந்து கேட்டதற்கு, கடல் அப்படித்தான் சார் என்று பதில். பணம் போனது பற்றிக்கூட வருத்தமில்லை, அந்த அலட்சியம்தான் உறுத்தியது.

இதற்கு நேரெதிராக, நான் படித்த மையத்தில் ஒருநாள் காலை கருவியெல்லாம் ஏற்றி, படகும் கிளம்பி, பாதி வழியில் அலையைப் பார்த்துவிட்டு வழிகாட்டி திருப்பச் சொல்லிவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். படகில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மையத்தின் மேல் முழு நம்பிக்கை வந்தது. இந்த விளையாட்டில் நாம் காசு கொடுப்பது மீனுக்கோ படகுக்கோ இல்லை, வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த ஓர் ஆளுக்கு. இணையத்தில் மதிப்பீடு படிக்கும்போதும் நான் இப்போது அதைத்தான் தேடுகிறேன். ஆமை பார்த்தோம் என்று எழுதியிருப்பதால் என்ன தெரிந்துவிடும்? ஆமை எல்லா மையத்துக்கும் பொதுதானே.

இடங்களைப் பொறுத்தவரை, கோர்ஸ் முடித்த கையோடு லைட்ஹவுஸ், அக்வேரியம் போன்ற ஆழம் குறைந்த இடங்களே போதும். லைட்ஹவுஸில் இரவு டைவும் செய்யலாம். டார்ச் வெளிச்சத்தில் நண்டும் இறாலும் நடமாடுவதை அப்போதுதான் பார்க்க முடியும். படகுத்துறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் வால் (Wall, சுவர்), பெயருக்கேற்ற செங்குத்துப் பாறைச் சரிவு. அட்வான்ஸ்டு கோர்ஸ் முடித்து 30 மீட்டர் அனுமதி வாங்கியபின் டிக்சன்ஸ் பினாக்கிள். கடலடியில் எழும்பி நிற்கும் பாறைக் குன்றுகள், சுற்றிலும் சீலா, சங்கரா கூட்டம் கூட்டமாக. படகில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம், ஆனால் ஒவ்வொரு நிமிடமும் தகும். சந்தையில் கூறுகட்டி வைத்த மீனாக மட்டும் பார்த்த களவா, ஆள் உயரத்தில் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

பவளப்பாறை பற்றி மிகைப்படுத்திச் சொல்ல மாட்டேன். 2010 கோடையில் கடல்நீர் சூடாகி அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளுத்தன, 2016-லும் அதேபோல். ஆழம் குறைந்த இடங்களில் அந்தச் சேதம் இன்றும் தெரியும்: உடைந்த கிளைகள் குவியலாகக் கிடக்கும். விளம்பரப் படத்தை நம்பி வந்தால் ஏமாற்றம். ஆழமான பாறைகளும் மீன் கூட்டமும்தான் இப்போது ஹேவ்லாக்கின் பலம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், காரணம் மேலே சொல்லியாயிற்று. மே கடைசியிலிருந்து மழைக்காலம், படகுகளே நின்றுபோகலாம். காசு விஷயத்தில் முன்பு ஏ.டி.எம். வாசலில் காத்துக் கிடப்போம். 2020-இல் சென்னையிலிருந்து கடலடியில் இணையத்துக்கு ஃபைபர் கேபிள் போட்டபின் நிலைமை தேவலை, ஆனாலும் கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

உடல்நலப் படிவத்தில் பொய் சொல்லாதீர்கள். ஆஸ்துமா, இதய நோய், காது அறுவை என்று எதுவாக இருந்தாலும் ஊரிலேயே மருத்துவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுப் போங்கள். தீவில் போய் அலைய முடியாது. உடம்பில் சேர்ந்த நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறையும்போது குமிழியாகி வரும் அழுத்த நோய்க்குச் சிகிச்சை தரும் அறை போர்ட் பிளேரில், கடற்படை மருத்துவமனையில்தான். ஹேவ்லாக்கிலிருந்து அங்கே போகவே மணிக்கணக்கு ஆகும் என்பதை மனதில் வைத்துத்தான் ஆழமும் நேரமும் முடிவு செய்ய வேண்டும். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கூபாவுக்கு விலக்கு உண்டு, பாலிசியைப் படித்துப் பாருங்கள். விமானத்தில் அழுத்தம் குறைவு என்பதால், தொடர்ந்து பல டைவ் செய்தபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. நான் ஒரு முழு நாள் விடுகிறேன். அந்த நாளை போர்ட் பிளேரில் செல்லுலார் சிறைக்கு வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள், சட்டப்படி குற்றம், விமான நிலைய ஸ்கேனரில் மாட்டும்.

அடுத்த சீசனில் ரெஸ்க்யூ கோர்ஸ் முடிக்க எண்ணம், அதே பயிற்றுநரிடம். அதற்கு முதலுதவிப் பயிற்சி வேண்டும் என்பதால் அதைச் சென்னையிலேயே முடித்துக்கொண்டு போகப்போகிறேன். தீவில் இருக்கும் நாளை வகுப்பறையில் கழிக்க மனமில்லை.