பள்ளி நூலகத்தில் பாட்காஸ்ட்: கேட்க வைப்பதா, செய்ய வைப்பதா?

ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரே ஒரு நூலக பீரியடுதான். அதில் வெளியே கிடைக்கும் பாட்காஸ்டை, அதாவது இணையத்தில் தொடராக வரும் ஒலி நிகழ்ச்சியைப் போட்டுக் கேட்க வைப்பதா, மாணவர்களையே பேச வைத்துப் பதிவு செய்வதா? இரண்டையும் செய்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

கேட்பது சுலபம். முந்தின நாளே எபிசோடை இறக்கி வைத்துவிட்டால் இணையம் இல்லாமலேயே ஓடும். ஆனால் முப்பது நிமிட எபிசோடை முழுதாக ஓடவிட்டால் பாதி வகுப்பு ஜன்னலைப் பார்க்கும். ஏழெட்டு நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன சொல்லப் போகிறார்?" என்று கேட்டால்தான் காது திரும்பி வருகிறது. எழுத்துவடிவமும் சேர்த்துத் தரும் பாட்காஸ்டாகத் தேடுங்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளையும் விட்டுப்போகாது. இன்னொன்று, ஒரே செயலியை நம்பிப் பட்டியல் போடாதீர்கள். கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024-ல் மூடப்பட்டது. ஒவ்வொரு பாட்காஸ்டுக்கும் ஆர்எஸ்எஸ் என்ற இணைய முகவரி இருக்கும், புது எபிசோடுகளைச் செயலிகள் அதிலிருந்துதான் எடுக்கின்றன. அதைக் குறித்து வைத்திருந்தால் வேறு செயலியில் தொடரலாம்.

செய்ய வைப்பது நேரத்தைத் தின்னும். மூன்று நிமிடப் புத்தக அறிமுகத்துக்கு எங்களுக்கு இரண்டு பீரியட் ஆனது. இருந்தும் என் மனம் இந்தப் பக்கம்தான். ஒரு மாணவி "கதை ரொம்ப நன்றாக இருந்தது" என்று எழுதி வந்தாள். அதை வாசிக்க ஐந்து விநாடிகூட ஆகவில்லை. மீதி நேரத்துக்கு என்ன பேசுவது? திரும்பப் போய்ப் புத்தகத்தைப் புரட்டி, தன்னை அழ வைத்த பக்கத்தைத் தேடி எடுத்து வந்தாள். பதிவைக் கேட்டதும் எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறது என்று அவளே கண்டுபிடித்து இரண்டாக உடைத்தாள். கட்டுரை நோட்டில் நான் சிவப்பு மையால் சொல்லிச் சொல்லிப் பார்த்தும் நடக்காத திருத்தம் அது.

கருவிகளில் பெரிய குழப்பம் தேவையில்லை. பதிவுக்குக் கைபேசி போதும். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்தால் சரி. நூலகத்தில் புத்தகம் நிறைந்த அலமாரிகளே எதிரொலியைக் குறைத்துவிடும். எடிட் செய்ய மட்டும் கணினியில் ஆடாசிட்டி என்ற மென்பொருள். இலவசம், திறந்த மூலம். பேசத் தொடங்கும் முன் சில விநாடி சும்மா இருந்து பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த வெற்று இரைச்சலை மாதிரியாக வைத்துத்தான் ஆடாசிட்டி மின்விசிறிச் சத்தத்தைக் கழிக்கிறது. 64 கேபிபிஎஸ் (ஒரு விநாடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) எம்பி3-யாகச் சேமித்தால் ஒரு நிமிடத்துக்கு அரை எம்பிதான் வரும்.

உலகத்துக்கே வெளியிடுவதா, பள்ளிக்குள் வைப்பதா? ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் ஏற்றுவது இலவசம்தான், பிள்ளைகளுக்கும் அதில்தான் ஆசை. ஆனால் குழந்தையின் குரல் ஒருமுறை வெளியே போனால் திரும்ப வாங்க முடியாது. பெற்றோரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் நான் ஏற்றுவதில்லை. பின்னணி இசையும், படைத்தவரே மற்றவர்கள் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் நூலகத்தில் மூன்று வாரம் கேட்பது, அப்புறம் இரண்டு வாரம் பதிவு. முடிந்த பதிவின் க்யூஆர் குறியீட்டை அந்தப் புத்தகத்தின் அட்டைக்கு உள்பக்கம் ஒட்டிவிடுகிறோம். பள்ளி வலையமைப்பில் மட்டும் திறக்கும். அடுத்து அந்தப் புத்தகத்தை எடுப்பவர், முன்பு படித்தவரின் குரலைக் கேட்டுவிட்டு முதல் பக்கத்துக்குப் போகலாம்.