ஏஸ் அட்டர்னி ட்ரைலஜி: எதிர்ல நிக்கிற ஆளுதான் இந்த கேமே

கேப்காமோட ஃபீனிக்ஸ் ரைட் ஏஸ் அட்டர்னி ட்ரைலஜியை ஒருவழியா முடிச்சாச்சு. முதல் பார்ட் 2001ல ஜப்பான்ல கேம் பாய் அட்வான்ஸ்ங்கிற நிண்டெண்டோ கையடக்க கேம் மெஷின்ல வந்தது, அதுல இருந்து மூணு கேமையும் ஒண்ணா சேர்த்து 2019ல ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ், பிசின்னு எல்லாத்துக்கும் விட்டாங்க, மொத்தம் 14 கேஸ். சுடுறது, ஓடுறது, தாவுறது எதுவும் கிடையாது. படிக்கணும், படிச்சுக்கிட்டே இருக்கணும், சாட்சி எந்த வரில பொய் சொல்றான்னு புடிச்சு கரெக்டான ஆதாரத்தை மூஞ்சில அடிக்கணும். படிக்க பொறுமை இல்லன்னா இந்த பக்கமே வராதீங்க.

இதுல நாம ஃபீனிக்ஸ் ரைட்ங்கிற டிஃபென்ஸ் வக்கீல். ஜூரி கிடையாது, தாடி வச்ச ஒரு ஜட்ஜ், அவரும் யார் கடைசியா சத்தமா பேசுறாங்களோ அந்த பக்கம் சாயுற டைப். விசாரணைக்கு மூணே நாள்தான் டைம், நம்ம ஆள் குற்றவாளின்னு முடிவு பண்ணிட்டுதான் ஆரம்பிப்பாங்க. ஓவரா இருக்கேன்னு தோணும், ஆனா நிஜ ஜப்பான்லயே கேஸ் கோர்ட்டுக்கு போயிட்டா 99 சதவீதத்துக்கு மேல தண்டனைதான், அத நெனச்சுட்டு ஆடுனா சிரிப்பு கொஞ்சம் கம்மியாகும்.

என்னை கேட்டா ஒரு கேஸ் நல்லா இருக்கா இல்லையான்னு முடிவு பண்றது கொலை இல்ல, எதிர்ல நிக்கிற ஆள்தான், பெரும்பாலும் அரசு தரப்பு வக்கீல். முதல் கேஸ்ல வர்ற பெய்ன் சும்மா டுடோரியல் பொம்மை. அடுத்து எட்ஜ்வொர்த் வந்ததும் ஆட்டமே மாறுது, நாம கஷ்டப்பட்டு ஒரு ஓட்டையை கண்டுபிடிச்சா அவன் அசால்ட்டா தோள குலுக்கிட்டு அதையே நமக்கு எதிரா திருப்பிடுவான். அப்புறம் நாலாவது கேஸ்ல அவனே குற்றவாளி கூண்டுல, அவனுக்கு நாமதான் வக்கீல்!

அந்த கேஸ்ல எதிர்ல வர்றது ஃபான் கார்மா, 40 வருஷமா ஒரு கேஸ் கூட தோக்காத ஆளு. விரலை சொடுக்குவாரு, ஜட்ஜே பம்முவாரு. ஒரு கட்டத்துல சாட்சியோட கிளிய வேணா விசாரிச்சுக்கோன்னு நக்கல் அடிக்கிறாரு, வேற வழியே இல்லாம நாமளும் சரின்னு நிஜமாவே கிளிய கூண்டுல ஏத்தி கேள்வி கேப்போம். பாத்தா அந்த கிளியையும் அவரு முன்னாடியே ட்ரெய்ன் பண்ணி வச்சிருக்காரு. யோவ், மனுஷனாயா நீ?

முதல் பார்ட்டோட 2005 நிண்டெண்டோ டிஎஸ் வெர்ஷன்ல சேர்த்த அஞ்சாவது கேஸ்ல போலீஸ் சீஃப் காண்ட் வேற ரகம். அதிகாரத்துல ஊறுன அரசியல்வாதி மாதிரி நீச்சலுக்கு போலாமான்னு சிரிச்சு பேசுவாரு, கை தட்டுவாரு, திடீர்னு எதுவுமே பேசாம நம்மள பாத்துட்டே நிப்பாரு. ஸ்க்ரீன் ஹேங் ஆயிடுச்சோன்னு பட்டனை அமுக்குனேன், இல்ல, அவரு சும்மாதான் நிக்கிறாரு.

ரெண்டாவது பார்ட்டுதான் சுமார். ஃபான் கார்மா பொண்ணு ஃப்ரான்சிஸ்கா, 18 வயசு, கைல சாட்டை, ஜட்ஜ் உட்பட எல்லாருக்கும் அடி. சத்தம் இருக்கு, பயம் இல்ல. ஆனா அதோட கடைசி கேஸை மட்டும் கண்டிப்பா ஆடுங்க, அங்க உண்மையான எதிரி எதிர் பெஞ்ச்ல இல்ல, இதுக்கு மேல சொன்னா ஸ்பாய்லர். மூணாவதுல முகமூடி போட்டுக்கிட்டு காபியா குடிச்சு தள்ளுற அரசு வக்கீல் காடாட், ஸ்டைல்னா ஸ்டைல்.

கடுப்பேத்துறதும் இருக்கு. உண்மை நமக்கு முன்னாடியே தெரிஞ்சாலும் கேம் நெனைக்கிற வரில கேம் நெனைக்கிற ஆதாரத்தை காட்டலன்னா பெனால்டி, முதல் பார்ட்ல அஞ்சு சான்ஸ்தான். அதனால சந்தேகமா இருந்தா சேவ் பண்ணிட்டு காட்டுங்க. வரிசையையும் மாத்தாதீங்க, மூணாவதை முதல்ல ஆடிட்டா காடாட் ஏன் நம்ம மேல அவ்ளோ காண்டா இருக்கான்னே புரியாது.