கூவும் கிட்டார் தந்தியை அடக்குவது எங்கே? கையிலா, மைக்கிலா, கணினியிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு வீட்டுப் பின்னறையில், தைப்பூசக் காவடிக்காக முருகன் பாடல்களைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். பாடியது ஒரு அக்கா, கிட்டார் ஒரு தம்பி. இங்கே பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். தமிழ்ச் சொல் அவர்கள் நாவில் ஏறுவதே பாட்டு வழியாகத்தான். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். பதிவைப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு அடியின் முடிவிலும் ஏதோ ஒன்று கூவிக்கொண்டே இருந்தது.

"நான் கைய எடுத்துட்டேன் அண்ணா, இன்னும் கேக்குதே" என்றான் தம்பி.

இரண்டாம் தந்தியை மட்டும் மீட்டச் சொன்னேன். மீட்டி, உடனே விரலால் நிறுத்தினான். அதே சுரம் மெலிதாகத் தொடர்ந்தது. எல்லாவற்றிலும் தடித்த ஆறாம் தந்தியின் மேல் உள்ளங்கையை வைத்ததும் அடங்கியது. இரண்டாம் தந்தி ஏறக்குறைய 247 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 247 அதிர்வு. ஆறாம் தந்தி 82.4. அதன் மும்மடங்கும் 247தான். தொடாத தந்தி தன் மேற்சுரத்தில், அதாவது தன் அடிச்சுரத்தின் மடங்கில், ஒத்ததிர்கிறது. 330 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் முதல் தந்திக்கும் 110இல் ஒலிக்கும் ஐந்தாம் தந்திக்கும் இதே உறவுதான். தம்புராவில் தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் நூலை நகர்த்தி நகர்த்தி இந்தச் சுயம்பு சுரங்களை நாம் வரவழைக்கிறோம். பதிவறையில் அவையே பாட்டை மறைக்கின்றன.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு தொல்லை, கிட்டாரின் வயிற்று முழக்கம். பெரிய உடல் கொண்ட கிட்டாரில் உள்ளே அடைபட்ட காற்று 100 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்திலும், மேல்பலகை 200க்குப் பக்கத்திலும் தானாகப் பொங்கும். எது தந்தியின் கூவல், எது வயிற்றின் முழக்கம் என்று பிரித்தறியாமல் மருந்து தேடினால் பணம்தான் வீணாகும்.

வயிற்று முழக்கத்துக்கு மைக்கை நகர்த்துவதே சிறந்த மருந்து. கிட்டாரின் துளைக்கு நேரே வைத்தால் பொங்கும் காற்று முழுவதும் உள்ளே வரும். ஒரு பக்கத்து ஒலியையே அதிகம் வாங்கும் ஒருதிசை மைக் கிட்டே போகப் போக அடிக்கனமும் ஏறும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) நேரே, சுமார் 30 செ.மீ. தள்ளி வைத்தால் பாதித் தொல்லை போய்விடும். துளைக்கு ரப்பர் மூடி போடுவதும் உண்டு. மேடையில் அது உதவும், பதிவில் பெட்டிக்குள் அடைத்த ஒலிபோல ஆகிவிடும். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மைக்கை எங்கே நகர்த்தினாலும் தந்தியின் கூவல் குறையாது. முழக்கம் விலகியதும் அது இன்னும் பளிச்சென்று கேட்கும். எங்களுக்கும் அப்படித்தான் ஆனது.

கணினியில், குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் கூட்டவோ குறைக்கவோ செய்யும் ஈக்வலைசரை வைத்து 247ஐ வெட்டினால் என்ன? முதலில் நானும் அதைத்தான் செய்தேன். தம்பி வேண்டுமென்றே வாசித்த பி சுரமும் அதே 247தான் என்பதை ஈக்வலைசர் அறியாது. கூவலோடு சேர்ந்து பாட்டின் நரம்பும் அறுந்தது. அளவு மீறும்போது மட்டும் குறைக்கும் டைனமிக் ஈக்வலைசர் கொஞ்சம் பரவாயில்லை. என்றாலும் அழுத்தி மீட்டிய சுரத்தைத்தான் அது முதலில் பிடிக்கும், கூவல் அதைவிட மெலிது. வயிற்று முழக்கம் எப்போதும் ஒரே இடத்தில் நிற்பதால், அதை 2, 3 டெசிபெல் குறைக்க மட்டும் ஈக்வலைசரை நம்பலாம்.

பழைய தந்தி போடுவதைப் பலர் சொல்வார்கள். டர்பனின் கடல்காற்றில் தந்தி தானாகவே சீக்கிரம் மங்கும். உச்சத்து மினுமினுப்பு போகும், அடித்தந்தியின் கூவல் போகாது, சுருதியும் பிசகும்.

ஆக, தந்தியின் கூவலை மூலத்திலேயே அடக்க இரண்டு வழி: துணி அல்லது விரல். துணி சுற்றிய தலைமுடி ரப்பரை முதல் ஃப்ரெட்டின் மேல் ஆறு தந்திகளையும் அணைத்தாற்போல மாட்டினால், அழுத்தாத தந்திகள் ஊமையாகிவிடும். மேலே அழுத்திய சுரத்துக்குச் சேதமில்லை. ஆனால் அழுத்தாத திறந்த தந்தி வரும் கார்டு (பல சுரங்கள் சேர்ந்த கூட்டொலி) எதையும் வாசிக்க முடியாது. குதிரையருகே தந்திகளுக்கு அடியில் ஸ்பாஞ்ச் செருகினால் எல்லாச் சுரமும் கட்டையாகி, தட்டும் ஒலிதான் மிஞ்சும்.

விரல்தான் மேல் என்பேன். இடக்கைப் பெருவிரலின் ஓரம் ஆறாம் தந்தியில் சாய்ந்திருக்க, சுட்டுவிரல் நுனி அடுத்த தந்தியை உரசினால் போதும். ஆனால் கவனம் வேண்டும்: ஐந்து, ஏழு, பன்னிரண்டாம் ஃப்ரெட்டுகளுக்கு நேர்மேலே ஒரே விரலால் லேசாகத் தொட்டால் அங்கே மேற்சுரத்தின் கணு, அதாவது அதிராத புள்ளி, இருக்கும். கூவல் அடங்காது, புதிதாக ஒரு மேற்சுரம் மணிபோல எழும். இரண்டு விரல் பட்டால் அந்த வம்பு இல்லை. இது கைவரப் பழக வேண்டும்.

எல்லா வாசிப்புக்கும் இது பொருந்தாது. இந்த ஊரின் சூலு மக்கள் வாசிக்கும் மஸ்கண்டி என்ற கிட்டார் இசையில் முதல் தந்தியை ஈ சுரத்திலிருந்து டி சுரத்துக்கு இறக்குவார்கள். அப்போது அது நான்காம் தந்திக்குச் சரியாக மேல்ஸ்தாயி. இரண்டும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஒலிப்பெருக்கே அதன் உயிர். அதற்குத் துணி கட்டினால் பாவம்.

எங்கள் பாட்டுக்குத் தம்பியின் விரல் இன்னும் பழகவில்லை, காவடியோ நெருங்கிவிட்டது. அதனால் கிட்டாரை இரண்டாகப் பிரித்தோம். கார்டுகளைத் துணியில்லாமல் ஒரு தடவை, மேல்ஃப்ரெட்டில் வரும் மெட்டை ரப்பர் மாட்டி இன்னொரு தடவை. அக்காவின் குரல் நிற்கும் இடங்களில் தம்பி உள்ளங்கையால் எல்லாத் தந்தியையும் மூடினான். "கந்தா" என்று அவர் முடிக்கும்போது அந்த நெடில் தனியாக நின்றது, பின்னால் எதுவும் கூவவில்லை.