வீக் சிம்பலும் காணாமல் போன நல் சோதனையும்: ஏழு ஆண்டு அனுபவம்

ஆர்ம் கார்டெக்ஸ்-எம்4 செயலி உள்ள பலகைகளுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் நிரல்) எழுதும் வேலையில் வீக் சிம்பலை, அதாவது இல்லாமலும் போகலாம் என்று அறிவித்த பெயரை, ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். ஒரே மூலநிரல், பல வாடிக்கையாளர்கள். ஒருவருக்கு வேண்டிய ஃபங்ஷன் இன்னொருவருக்கு வேண்டாம். அதை வீக் என்று அறிவித்துவிட்டால், அது இல்லாவிட்டாலும் நிரலின் துண்டுகளை இணைக்கும் லிங்கர் கூச்சல் போடாது, முகவரியைப் பூஜ்யமாக்கிவிடும். அழைக்கும் இடத்தில் முகவரி பூஜ்யமா என்று பார்க்கும் ஒரு நல் சோதனை போதும். வசதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வம்பு அந்தச் சோதனையில்தான். சி மொழியின் விதிப்படி எந்த ஃபங்ஷனின் முகவரியும் நல் ஆகாது. ஆகவே வீக் என்று தெரியாத பெயரைச் சோதித்தால், மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக்கும் கம்பைலர் சோதனையையே தூக்கிவிடலாம். எங்கள் நிரலில் ஒரு ஹெடரில் (அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) ஒரு ஃபங்ஷனின் சாதாரண அறிவிப்பும் சோதனையுள்ள இன்லைன் ஃபங்ஷனும் இருந்தன. அதற்குப் பின் வந்த ஹெடரில்தான் அது வீக் என்று கம்பைலருக்குச் சொல்லும் பிராக்மா வரி. அப்போது வைத்திருந்த பழைய கம்பைலர் முதல் ஹெடரைப் படித்த கையோடு 'இது நல் ஆகாது' என்று முடிவு கட்டிவிட்டது. பிறகு வீக் என்று தெரிந்ததும் சிம்பலை மாற்றியது, முடிவை மாற்றவில்லை. எச்சரிக்கை ஒரு வரிகூட இல்லை. வரிசையைக் குழப்பியது நாங்கள்தான். ஆனாலும் வாய் திறக்காமல் இருந்ததைக் கம்பைலரின் பிழை என்றே சொல்வேன்.

பலகை நின்றுபோயிருந்தால் அன்றே பிடித்திருப்போம். ஆர்மில், இல்லாத வீக் ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும் கட்டளையை லிங்கர் வெற்றுக் கட்டளையாக மாற்றிவிடும். எங்கள் ஃபங்ஷன் சென்சார் அளவுக்கான திருத்தத்தைத் தருவது. அளவை ஆர்0 ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைத்து அழைக்கிறோம். திருத்தமும் அதே ஆர்0-வில்தான் திரும்பி வர வேண்டும். அழைப்பே நடக்காததால் வைத்த அளவே திருத்தமாகி, அளவோடு கூட்டப்பட்டது. அறையில் 31 டிகிரி, திரையில் 62. சென்சாரை இரண்டு முறை மாற்றினோம், பாவம் அது. மூன்றாம் நாள் கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைத் திறந்தால், அழைப்புக்கு முன் இருக்க வேண்டிய, 'பூஜ்யமானால் தாண்டிப் போ' என்னும் சிபிஇசட் கட்டளையைக் காணவில்லை.

நல் சோதனைகளை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் கொடியும் (கம்பைலரை ஓட்டும்போது தரும் விருப்பம்) உண்டு. லினக்ஸ் கெர்னல் 2009 முதல் அப்படித்தான் கட்டப்படுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஓரிடத்துச் சிக்கலுக்காக நிரல் முழுவதும் வேகத்தை விட்டுக்கொடுப்பானேன்? இப்போது பூஜ்யத்தைத் திருப்பும் வீக் ஃபங்ஷன் ஒன்றையே எழுதி வைத்துவிடுகிறேன்; உண்மையான ஃபங்ஷன் இருந்தால் லிங்கர் அதை எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் இது. சோதனைக்கே வேலை இல்லை. பழைய முறை இரண்டு வாடிக்கையாளர்களின் நிரலில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவற்றை வெளியிடும் ஒவ்வொரு முறையும் முடிந்த நிரலின் கட்டளைகளைக் காட்டும் ஆப்ஜ்டம்ப் கருவியை ஓட்டி, சிபிஇசட் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.