வத்தல்மலையா, குத்திராயனா?

தருமபுரிப் பக்கம் இருந்துகொண்டு ஒரு நாள் மலையேற வேண்டுமென்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று வீட்டுக்குப் பக்கத்தில் வத்தல்மலை. இன்னொன்று தேன்கனிக்கோட்டைப் பக்கம், மேலகிரி மலைத்தொடரில் இருக்கும் குத்திராயன் சிகரம்.

வத்தல்மலைக்கு இப்போது தார்ச்சாலை இருக்கிறது. மேலே காப்பி, மிளகு, சில்வர் ஓக், பலா. வண்டியிலேயே போய்க் காப்பி குடித்துவிட்டு இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஆனால் சாலை வருவதற்கு முன் மலைவாசிகள் சுமையோடு ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகள் அங்கங்கே மிச்சமிருக்கின்றன. ஆள் நடமாட்டம் குறைந்ததால் உண்ணிச்செடி இரண்டு பக்கமும் மூடிக்கொண்டு வருகிறது.

அப்படி ஒரு தடத்தில் நான் ஏமாந்திருக்கிறேன். நன்றாகத் தேய்ந்த வழி, புழுதிகூட மிருதுவாக இருந்தது. அரை மணி நேரம் நடந்த பிறகு அது ஒரு குட்டையில் போய் முடிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார். "தம்பி, அது மாடு போற தடம். ஆளு தடம் மேலால போவுது." எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். கிளையைப் பாருங்கள் என்றார். மாட்டுத்தடத்தில் இடுப்புக்கு மேல் கிளை குறுக்கே நிற்கும். மாடு குனிந்து போய்விடும். ஆள் நடக்கிற வழியில் நெஞ்சு உயரத்துக் கிளையில் பழைய அரிவாள் வெட்டு இருக்கும். அதற்கப்புறம் நான் தரையைவிடக் கிளையைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

குத்திராயனில் இப்படித் தனியாகத் தடம் தேட முடியாது. 2018 குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு மலையேற்ற விதிகள் இறுகிவிட்டன. 2024 அக்டோபரில் வனத்துறை தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் 40 பாதைகளில் இதுவும் ஒன்று, கடினமான வகை. இணையத்தில் பதிந்துகொண்டு, உள்ளூர் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். கட்டணம் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. யானைத்தாரை, அதாவது யானை போகிற தடம் எது, ஆள் தடம் எது என்று அவர்களுக்குத் தெரியும். யானைத்தாரை அகலமாக, சரிவு மிதமாக, ஏறுவதற்குச் சுகமாகத்தான் இருக்கும். ஆபத்தே அதுதான்.

காடு, ஓடை, மேலே ஏற ஏறப் புல்வெளி என்று மூன்றும் ஒரே நடையில் வேண்டுமென்றால் குத்திராயன்தான். ஓடையைக் கடக்கும்போது நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் வழவழப்பான பாறையில் தாவாதீர்கள். செருப்பைக் கழற்றாமல், கம்பை ஊன்றி, தண்ணீருக்குள்ளேயே கால் வைத்துப் போங்கள். நனைந்தால் காய்ந்துவிடும், கால் பிசகினால் தூக்கிவர நாலு பேர் வேண்டும்.

எப்போது போவது என்பதில்தான் சிக்கல். மழை பெய்து புல் பச்சையாக நிற்கிற ஐப்பசி, கார்த்திகையில்தான் கேழ்வரகு முற்றும். கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக்கூட்டம் இறங்குவதும் அப்போதுதான். அந்த மாதங்களில் "இன்னைக்குப் போக வேண்டாம்" என்று வழிகாட்டி சொன்னால் திரும்பிவிடுங்கள். கோடையில் காட்டுத்தீ பயத்தால் பாதையை மூடிவிடுவார்கள்.

முட்டிவலிக்காரர்கள், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு அதே பக்கம் அய்யூர் – சாமி ஏரி பாதை இருக்கிறது. எளிது. ஏறின மாதிரியே இருக்காது, அதுதான் குறை.

என் ஓட்டு குத்திராயனுக்கு. வத்தல்மலைக்கு அம்மாவை அழைத்துக்கொண்டு காரில் போவேன்.